ஹெஸ்டர் பெரியம்மா பனிக்கடலைப் பார்த்த கதை

எங்கள் ஊர் நாடகக் கொட்டகையில் திரை தூக்குவதற்கு முன்னால் நடிகர்கள் ஒரு ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார்கள். கூட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு அல்ல. மாடி வரிசையில் ஹெஸ்டர் மார்ஃப்லீட் வந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பதற்கு. உட்கார்ந்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் ஒழுங்காக நடிப்பார்கள்.

ஒருமுறை லண்டனிலிருந்து வந்த பெரிய நடிகர் ஒருவர் ராஜா வேஷம் கட்டினார். விஷம் குடித்துச் சாகிற காட்சி. விழுந்தார், எழுந்து ஒரு பாட்டம் பேசினார், மறுபடி விழுந்தார், மறுபடி முழங்கையை ஊன்றினார். மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ராசா, நல்லா இருப்ப, சீக்கிரம் செத்துப் போ! வீட்டுல அடுப்புல மீனு கெடக்கு!" செத்துக்கொண்டிருந்த ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்கள் ஹல் துறைமுகத்தில் இதைச் சொல்லிக் காட்டாத ஆள் கிடையாது. ராஜாவாக நடித்தவர் பெயர்தான் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அந்த ஹெஸ்டர் என் பெரியம்மா. என் அம்மாவின் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்க்கிறவள். அதாவது, காலையிலும் மாலையிலும் தவறாமல் திட்டுகிறவள். தளபதிகளைப் பற்றியும் பிஷப்புகளைப் பற்றியும் எழுதுவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. பெரியம்மாவைப் பற்றி எழுத ஒருவரும் இல்லையே என்றுதான் நான் எழுதுகிறேன்.

பெரியம்மா கயிறு திரிக்கிறவரின் மகள். பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே பாய்த்துணி நெய்கிற ஆலைக்கு வேலைக்குப் போனாள். அங்கே தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவளிடம் ஊசி கேட்பதென்றால்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தக் குரல் அங்கே வளர்ந்ததுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் குறைக்க அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் டாகர் சந்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று ஆற்றின் அக்கரையில் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷன் ஓபெட் பெரியப்பா. திமிங்கலக் கப்பலில் ஈட்டி எறிகிறவர். பெண் கேட்டு வந்த நாளில் திமிங்கல எலும்பில் செதுக்கிய ஒரு பட்டையை மேஜைமேல் வைத்தாராம். பெண்கள் இடுப்புக் கச்சையில் சொருகிக்கொள்கிற பட்டை அது. அதில் ஒரு கப்பல், ஒரு இதயம், ஒரு மீன் எல்லாம் செதுக்கியிருந்தன. வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"இதைக் குடுத்தா கூடவே ஏதாவது சொல்லணும்யா," என்றாளாம் பெரியம்மா.

"ம்," என்றாராம் பெரியப்பா.

"ஹெஸ்டர், என்னைக் கட்டிக்கிறியான்னு கேளு."

"ம்."

"கட்டிக்கிறேன், போ," என்று அதற்கும் பதில் சொன்னவள் இவள்தான். இத்தனை வருஷமாகப் பெரியம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஊர் ஆண்கள் பாதி வருஷம் வீட்டுக்கு, பாதி வருஷம் கிரீன்லாந்துப் பனிக்கு. குளிர் முடிவதற்குள் கப்பல் ஏறினால் இலை உதிரும்போதுதான் திரும்பி வருவார்கள். வந்தவரை உட்காரவைத்து, பட்டாணிக் களியும் பீரும் கொடுத்து, "அங்க எப்படி இருந்துச்சு?" என்று பெண்கள் கேட்பார்கள். "குளிரா இருந்துச்சு," என்பார் பெரியப்பா. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், கப்பல் தலைவரின் மாடி வீட்டில்கூட இதே கேள்வி, இதே பதில். திமிங்கலம் எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் நாக்கு நன்றாகப் புரளும்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, அமோஸ் போகிற வரைக்கும்.

அமோஸ் பெரியம்மாவின் ஒரே மகன். எனக்கு அண்ணன். விசில் அடித்தால் நாய்கள் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அப்பாவோடு முதல் பயணம் போனான். இலையுதிர் காலத்தில் பெரியப்பா மட்டும் வந்து வாசலில் நின்றார்.

"நெஞ்சுச் சளி," என்றார். "கடல்ல விட்டோம்."

"எங்க?"

"பனிக்கு நடுவுல."

"அந்த எடம் எப்படி இருந்துச்சு?"

பெரியப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "குளிரா இருந்துச்சு," என்றார்.

அதற்குப் பிறகு பெரியம்மா அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஊரில் மற்ற எல்லோரிடமும் கேட்டாள். மகன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்று மற்ற தாய்மாருக்குத் தெரியும். போய் நின்று புல்லைப் பிடுங்கலாம். இவளுக்குக் கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளைதான் வந்தது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். பாதிரியாரிடம் போய்க் கேட்டாள். "அது ஆண்டவரின் மகா மௌனம், ஹெஸ்டர்," என்றார் அவர். "நீங்க போயிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். சந்தையில் பாட்டுத்தாள் விற்கிறவனிடம் பனிமலைப் படம் அச்சடித்த தாள் ஒன்று வாங்கி அடுப்படியில் ஒட்டினாள். அடுத்த மாதம் அதே படத்தை எரிமலை என்று போட்டு இன்னொரு பாட்டு விற்றான். மேலே கொஞ்சம் புகை மட்டும் சேர்த்திருந்தான். அன்றைக்கு அவன் தாள்கட்டு மொத்தமும் சாக்கடையில் மிதந்தது. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

போன ஜனவரியில் சுவரெல்லாம் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். லண்டனையே நடுங்கவைத்த பிரம்மாண்டமான ஓடும் ஓவியம், வடதுருவப் பனிக்கடல், நள்ளிரவுச் சூரியன், எங்கள் கொட்டகையில் சனிக்கிழமை மதியம். இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவில் படம் வரைந்த நீளமான சீலையைச் சுற்றிக்கொண்டே போவார்கள். நாம் கப்பலில் போகிற மாதிரி படம் நகரும். பக்கத்தில் ஒரு கனவான் நின்று கதை சொல்வார்.

சாராயக் கடையில் கப்பல்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் ஆடியது.

"லண்டன்காரன் வந்து நமக்குப் பனி காட்டப் போறானாம்லே!"

"அப்புறம் நம்ம அம்மாவையும் நமக்கு அறிமுகப்படுத்துவான்."

எல்லோரும் கும்பலாகப் போய்க் கீழ்த்தளத்தை நிரப்பிக்கொண்டு, படத்தை ஊளையிட்டே விரட்டுவது என்று முடிவானது. கூட்டாளிகள் தோளில் கைபோட்டு இழுக்க, பெரியப்பாவும் போனார். நான் ஒரு பை நிறையக் காய்ந்த பட்டாணியும், அதை வைத்து ஊதி அடிக்க ஊதுகுழலும் எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு மாடிக்கு ஏறினேன். திமிங்கலக் கொழுப்பு காய்ச்சுகிற கொட்டடியில் எனக்கு வேலை. என்மேல் வருகிற வாசனைக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும்.

கொட்டகைக்கு வந்தால் எப்போதும் வாங்குகிற ஆரஞ்சைப் பெரியம்மா அன்றைக்கு வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் வம்பு பேசவில்லை. மற்ற பெண்கள் கல்லறைக்குப் போகும்போது கட்டுகிற கறுப்புத் தொப்பியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் மெதுவாக ஊதுகுழலைப் பையில் தள்ளினேன்.

விளக்குகளைத் தணித்தார்கள். உருளை கிரீச்சிட்டது. சாம்பல் நிறக் கடல் நகர ஆரம்பித்தது. அதன்மேல் ஒரு கப்பல், தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கோடு வளர்ந்து சுவரானது, சுவர் கோபுரமானது. மாடியில் பெண்கள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. கதை சொல்கிறவர் மிஸ்டர் லவெல் என்பவர். வெல்வெட் காலர், கையில் நீண்ட கோல்.

"கனவான்களே, சீமாட்டிகளே!" என்றார். "மே மாதம் முதல் நாள், நம் கப்பல் பனியின் வாசலில் நுழைகிறது! மனிதக் குரல் ஒலித்திராத மௌனப் பெருவெளி! இயற்கை அன்னை வெண்பளிங்கில் எழுப்பிய பேராலயம்! இங்கே நெஞ்சம் நடுங்குகிறது, நடுங்கியபடியே மண்டியிடுகிறது!"

"மண்டி போட்டா ஒட்டிக்கும்யா!" என்றது கீழ்த்தளம். "அப்புறம் சுடுதண்ணி ஊத்தித்தான் பேர்க்கணும்!"

"அது என்னது, கரடியா? எங்க மாமியா வீட்டு நாய் அது. மூஞ்சி நல்லாத் தெரியுது!"

இதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு யாரோ கப்பலின் பாய்மரத்தைக் கவனித்துவிட்டார்கள்.

"டேய், மே மாசம் ஒண்ணாந் தேதிங்கறான். வளையம் எங்கடா?"

மே முதல் நாள் எங்கள் கப்பல்களில் பாய்மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஒரு வளையம் தொங்கவிடுவார்கள். மனைவிமாரும் காதலிமாரும் கொடுத்தனுப்பிய ரிப்பன்களை அதில் கட்டுவார்கள். ஊர் திரும்புகிற வரைக்கும் அது இறங்காது. கரைக்கு வந்ததும் அதை யார் ஏறி எடுப்பது என்று ஊர்ப் பிள்ளைகள் எலும்பு முறியப் போட்டி போடுவோம். லண்டனில் படம் எழுதினவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆனால் எங்களுக்கு அது வெறும் பிழை இல்லை. ரிப்பன் கொடுக்க ஒருத்திகூட இல்லாத அநாதைகள் என்று எங்கள் ஆட்களைச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? காலால் தரையை உதைத்தார்கள். ஆரஞ்சுத் தோல் பறந்தது. "கீழே எறக்குடா படத்தை!" என்று பலர் எழுந்துவிட்டார்கள். லவெல் கோலைக் குடை மாதிரி தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். கொட்டகைக்காரர் ஓரத்திலிருந்து திரையை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திரை பாதி இறங்கியும் விட்டது.

பெரியம்மா எழுந்து நின்றாள்.

"தெரைய இழுத்தவன் கைய நான் ஒடிப்பேன்!"

தறிக்கூடத்தில் வளர்ந்த குரல். திரை நின்றது, உதைத்த கால்கள் நின்றன.

"இருக்கறதுல பாதிப் பேரு என் கல்யாணத்துல சோறு தின்னவங்கதான், அதனால மரியாத குடுத்தே கேக்கறேன். படம் தப்பு. சரி. வளையம் இல்ல. சரி. எது சரின்னு உங்கள்ள ஒருத்தன், எந்த வருஷமாவது, வீட்டுல வந்து சொல்லியிருக்கீங்களாய்யா? எப்படி இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

மாடியிலிருந்த பெண்கள்தான் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: "குளிரா இருந்துச்சு!"

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

"இந்தப் படம் போட்டவன் தேம்ஸ் ஆத்தத் தாண்டியிருக்க மாட்டான். இருந்தாலும் கல்யாணம் ஆன நாளா நீங்க சொல்லாதத அரை மணியில காட்டிட்டான். தப்பாவே காட்டட்டும். உங்க மௌனத்துக்கு அவன் தப்பு எவ்வளவோ தேவலை. படத்தக் கெடுக்கணும்னா நல்லாக் கெடுங்க. ஆனா எது தப்புன்னு சொல்லிட்டுக் கெடுங்க. அவருக்கில்ல. எங்களுக்குச் சொல்லுங்க."

லவெலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுஷன் ஓடவில்லை. கோலை இறக்கி, உருளை சுற்றுகிறவனை நிறுத்தச் சொல்லி, படத்துக்கு ஓரமாக விலகி நின்றார். "நானும் கேட்க விரும்புகிறேன்," என்றார். அப்போது மட்டும் அவர் குரலில் பளிங்கு, ஆலயம் ஒன்றும் இல்லை.

பிறகு ஜோப் டிரான்மர் எழுந்தார். கிழட்டுப் படகோட்டி, கையில் இரண்டு விரல் கிடையாது.

"வெள்ளையில்ல," என்றார்.

"சத்தமா!" என்றது மாடி.

"பனி வெள்ளையில்லன்னேன்! மேலதான் வெள்ளை. தண்ணிக்குக் கீழ பச்சை. பாட்டில ஒடச்சு வெயில்ல வச்ச மாதிரி. சில நாளு நீலமா இருக்கும். எதுக்கு நீலம்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

"மௌனம்னாரே, அது பொய்யி," என்றது இன்னொரு குரல். "ராத்திரி பூரா மொனகும். நாய்க்குட்டிங்க மாதிரி. கப்பல் பலகைல காத வச்சா நம்ம பேரச் சொல்ற மாதிரி இருக்கும்."

"பொய் சொல்லாதடா வில். உன் பேரு எந்தப் பனிக்கும் தெரியாது."

"உன் பேருதான் சாராயக் கடையில எல்லாருக்கும் தெரியுமே!"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கப்பல் தலைகீழாக வானத்தில் தொங்குவதைப் பார்த்ததாக ஒருவர். மூச்சு தாடியில் உறைந்து, சிரித்தால் மணி போலக் கிணுகிணுத்ததாக ஒருவர். மேலேயிருந்து பெண்கள் கேள்வி கேட்டார்கள், கீழேயிருந்து பதில் வந்தது. உருளைக்காரன் ஒவ்வொரு காட்சியாக நகர்த்தினான். எந்த லண்டன்காரனுக்கும் கிடைக்காத காட்சி எங்களுக்குக் கிடைத்தது. படம் லண்டனுடையது, கதை ஹல்லினுடையது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. இரண்டு பனிமலைகளுக்கு நடுவில் அசையாத தண்ணீர். அடிவானத்தை ஒட்டிச் சிவந்த சூரியன். ஒரு சின்னப் படகு. பெரியம்மா உட்காரவே இல்லை. கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஓபெட்," என்றாள்.

அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. கீழே தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கூட்டாளிகள் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்தார்.

"இப்படியா இருந்துச்சு?"

"இல்ல," என்றார். உட்காரப் போனார். உட்காரவில்லை. "காத்தே இல்ல அன்னிக்கு. எட்ட இருந்து பாத்தா தண்ணி கறுப்பு. எண்ணெ மாதிரி... பனித்தட்டு எல்லாம் அதுல நகராம நின்னுச்சு. சூரியன் எறங்கறதாவே இல்ல. எல்லாத்து மேலயும் ஒரு வெளிச்சம். தேன் கலர்ல."

"ம்," என்றாள் பெரியம்மா.

"அவனப் பாய்த்துணியில சுத்தி நான்தான் தச்சேன். வேற யாரையும் விடல. விட்ட பொறவு... குனிஞ்சு பாத்தா தண்ணி அவ்வளவு தெளிவு, ஹெஸ்டர். ஒளியெல்லாம் உள்ள எறங்குது. ரொம்ப ஆழம் வரைக்கும் அவன் தெரிஞ்சான். அப்பவும் தெரிஞ்சான். நான் பாத்துட்டே இருந்தேன்." பெரியப்பா தொப்பியால் முகத்தைத் துடைத்தார். "அழகா இருந்துச்சு. அதான் சொல்லல. என் ஆயுசுல நான் பாத்ததுலயே அழகான எடம் அதுதான். புள்ள செத்த எடம் அழகா இருந்துச்சுன்னு பெத்தவகிட்ட எப்படிச் சொல்றது? அதான் குளிரா இருந்துச்சுன்னேன்."

கீழ்த்தளத்தில் ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதையேதான் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தார்களோ.

"அழகாவா?" என்றாள் பெரியம்மா.

"ஆமா."

அவள் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, ஒக்காருய்யா. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது. ஐயா லவெல், நீங்க சுத்தச் சொல்லுங்க. மிச்சத்தயும் பாத்துடலாம்."

கைதட்டல் எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. லவெலுக்கா, பெரியப்பாவுக்கா, பெரியம்மாவுக்கா என்றும் தெரியவில்லை. நான் எனக்கே தட்டுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அவள் என் பெரியம்மா. அதில் கொஞ்சமாவது எனக்கு வராதா?

அந்தப் படம் இரண்டு நாள் காட்டிவிட்டுப் போக வேண்டியது. அந்த மாதம் முழுக்க ஓடியது. கொட்டகைக்கு வந்த பெண்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் இருக்கிற புருஷனைப் பார்ப்பார்கள். அவன் பேசியே ஆக வேண்டும். கிளம்புவதற்கு முன் லவெல் ஆளைவிட்டுப் படத்துக் கப்பலில் வளையம் எழுதவைத்தார். ரிப்பன்கள் என்ன நிறம் என்று கேட்க எங்கள் சந்துக்கே வந்தார். அடுத்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார்கள். அது எங்கள் ஊர் ரிப்பன் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா, தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை வீடு திரும்பினது பற்றி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கப்பல்துறை ஓரமாக அவர்கள் முன்னால் நடந்தார்கள், நான் பின்னால். பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். அவர் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்கு அதுவரை தெரியாது. தானியக் கிடங்குக்கு முன்னால் பெரியம்மா நின்றாள்.

"சூரியன் எவ்வளவு ஒசரத்துல இருந்துச்சு, அப்போ?"

பெரியப்பா கையை நீட்டி, தண்ணீருக்கு மேலே காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். யோசித்தார். கொஞ்சம் கீழே இறக்கினார். "இங்க," என்றார். பெரியம்மாவும் அதே உயரத்தில் கையை நீட்டினாள். "இங்கயா?" "இன்னும் கொஞ்சம் எறக்கு. ஆங்." இரண்டு பேரும் கையை நீட்டியபடி, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

அந்த வழியாகப் போன ஒரு குமாஸ்தா, பளபளவென்று உயரத் தொப்பி போட்டவன், அவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவன் தொப்பி எப்படிப் பறந்து போய்த் தண்ணீரில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் காற்று இல்லை.